சோமனூரில் மட்டும் பெய்த மழை

"மழை எங்கீங்க?"

ரோஹன் தலை நிமிர்ந்தான்.

உக்கடம் பேருந்து நிலையத்துக்குப் பின்சந்து அது. காலையிலிருந்தே சாரல். அவனுடைய வீடியோக் கடை வாசலில் ஒருத்தி நின்றாள். துப்பட்டா நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது. மடக்கிய குடையின் நுனியிலிருந்து சொட்டு... சொட்டு... தரையெல்லாம் ஈரம். இவ்வளவு மழையைக் கூடவே கூட்டி வந்துவிட்டு, மழை எங்கே என்று கேட்கிறாள்.

"ஏனுங்க?"

"முந்தாநாள் உங்ககிட்டத்தான் வாங்கிட்டுப் போனேன்." கைப்பையிலிருந்து ஒரு நீலப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்று எழுதுவது மரியாதைக்கு. போட்டாள். "ஈரச் சலங்கை. புது புளூரே டிஸ்க். முழுப்படம், ஒரு துண்டு கூடக் குறையாதுன்னு சொல்லித்தானே குடுத்தீங்க? கடைசி மழைப் பாட்டையே காணோம். வெட்டிப்போட்டு விக்கறீங்களா?"

கடையில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். தங்கள் கல்யாணக் கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி வந்தவர்கள். பக்கத்துக் கடையில் மொபைல் கவர் விற்கும் அமீர் ஹம்சா பாயும் இருந்தார். சில்லறை மாற்ற வந்தவர், வந்த வேலையை மறந்து நின்றுவிட்டார்.

ரோஹன் அவள் கண்களைப் பார்த்தான். கோபத்தில் விரிந்த கண்கள். இமையோரம் ஒரு துளி, விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு... திட்டுகிற கண்கள் இவ்வளவு அழகாக இருப்பது நியாயமே இல்லை என்று நினைத்தான். நினைத்ததைச் சட்டென்று மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

"மழைப் பாட்டு இன்டர்வெல்லுக்கு முந்தி வருமுங்க."

"கடைசிலதான் வரும். அவ ரயில்ல ஏறுவா. அவன் பிளாட்பாரத்துல நிப்பான். ரயில் ஊதும். மழை வரும். அவ எறங்கி ஓடியாந்து ஆடுவா. அதோட சுபம். சின்னதுல இருந்து பார்க்கறேன், எனக்குத் தெரியாதா?"

"அவ ரயில்ல ஏறுவா. அவன் பிளாட்பாரத்துல நிப்பான். ரயில் ஊதும்." ரோஹன் பொறுமையாகச் சொன்னான். "போயிரும். அதோட முடிஞ்சுதுங்க."

"எங்க போகும்?"

"ரயிலுங்க. அது போற ஊருக்குப் போகும்."

பாய் இருமுவதுபோல் சிரித்தார்.

"இந்தப் படம் மொதல்ல கேசட்டா வந்துச்சுங்க. அப்புறம் ரெண்டு தட்டு விசிடி. சிங்கப்பூர்ல ஒரு டிவிடி போட்டாங்க. கேசு முடிஞ்சு இப்பத்தான் புளூரே. எல்லாமே என்றகிட்ட இருக்குது. எல்லாத்துலயும் ரயில் போயிருது. சரி, ஒண்ணு கேக்கறேன். ரயில் ஏறையில அவ என்ன சேலைங்க?"

"பச்சை."

"மழையில ஆடையில?"

"மஞ்ச..." அவள் ஒரு நொடி நின்றாள். ஒரே நொடிதான். "மாத்தியிருப்பா."

"ஓடுற ரயில்லயா?"

இந்தத் தடவை பாய் இருமவில்லை. நேராகவே சிரித்தார். தம்பதியும் சிரித்தார்கள். கிழவர் கொஞ்சம் அதிகமாகவே.

அவள் முகம் சிவந்தது. ரோஹன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். தன் பக்கம் சிரிக்க நாலு பேர் இருந்தால் ஆண்பிள்ளைக்கு வாய் நிற்காது.

"எவனோ ஒரு கிறுக்கன் வெட்டி ஒட்டின காப்பியைப் பார்த்துட்டு வந்து என்னையத் திருடன்ங்கறீங்களே..."

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டாள். குடையை விரிக்காமலே மழையில் இறங்கினாள்.

சோமனூர்ப் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்தாள். கடையின் பெயரைத் தேடி ஒற்றை நட்சத்திரம் போட்டாள். கீழே எழுதினாள்: 'ஏமாற்றுக்காரன். ஏமாற்றிவிட்டுச் சிரிக்க வேறு செய்வான். சோமனூர்க்காரியிடம் இது நடக்காது. – பிந்து.'

*

பிந்து எம்.எஸ்சி. நூல் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படித்ததும் பெண்ணுக்கு வாய் நீண்டுவிட்டது என்று சோமனூரில் சொல்வார்கள். பொய். படிக்கும் முன்பும் அது அதே நீளம்தான். படித்தபின், அதை அடக்கச் சொல்லும் தைரியம் உள்ளவர்கள் குறைந்துபோனார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இன்றைய கோபம் கடைக்காரன்மேல் மட்டும் இல்லை.

அம்மா வெங்கடலட்சுமி இன்னும் தறி ஓட்டுகிறாள். நாள் முழுக்கத் தடதடவென்று தறிச் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் அம்மா வாயசைத்துக்கொண்டே இருப்பாள். யாருக்கும் கேட்காது. பிந்துவுக்கு மட்டும் தெரியும், அது மழைப் பாட்டு. படம் ஏதோ வழக்கில் சிக்கி டிவியில் வந்ததே இல்லை. சோமனூரில் ஒரு காலத்தில் வாடகைக் கேசட்டில் ஓடியது. பிறகு உள்ளூர் கேபிளில் ஒவ்வொரு நோம்பி, திருவிழாவுக்கும் போட்டார்கள். கேபிள்காரர் ஊரைவிட்டுப் போனதும் அதுவும் நின்றது.

இப்போது பிந்து பெரிய டிவி வாங்கியிருக்கிறாள். பிளேயர் வாங்கியிருக்கிறாள். அம்மா தறிக்காரப் பெண்கள் எல்லாரையும் ஞாயிற்றுக்கிழமைக்கு அழைத்துவிட்டாள். வெற்றிலை பாக்குத் தட்டு வைத்துக் கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி.

முந்தாநாள் அம்மா தறிக்குப் போயிருந்தபோது, டிஸ்க் ஓடுகிறதா என்று பிந்து கடைசிப் பகுதியை மட்டும் போட்டுப் பார்த்தாள். ரயில் ஊதியது. பிந்து மழைக்குக் காத்திருந்தாள்.

ரயில் போய்விட்டது.

அப்பா திருமலைசாமியைப் பற்றிப் பிந்துவிடம் பேச்செடுக்காமல் இருப்பது நல்லது. அவள் பிளஸ் டூ படிக்கையில் நெஞ்சுவலியில் போனார். இருந்தவரை அம்மாவுக்கு ஒரு முழம் பூ வாங்கி வந்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தறி, சோறு, தூக்கம். இப்படி ஒரு மனிதரோடு அம்மா எப்படித்தான் இருந்தாளோ... அந்தப் படம் இருந்ததால்தான் என்று பிந்து எப்போதோ முடிவு கட்டியிருந்தாள். தன் வாழ்க்கையில் கிடைக்காத ஒன்று, படத்திலாவது ரயிலை விட்டு இறங்கி ஓடி வருகிறதே...

ஞாயிற்றுக்கிழமை, அத்தனை பேர் நடுவில், அந்த ஒன்றும் ரயிலேறிப் போய்விடும். அம்மா முகம் என்ன ஆகும்?

பிந்துவுக்கு நினைக்கவே பயமாக இருந்தது. பயம் வந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"ஏனுங்க, பிந்துங்களா? உக்கடம் வீடியோக் கடைங்க. ரோஹன். பில்லுல உங்க நம்பர் இருந்துச்சுங்க."

"நட்சத்திரத்தை எடுக்கச் சொல்லப் போறீங்களா? எடுக்க மாட்டேன்."

"இருக்கட்டுமுங்க. ஒண்ணாவது குடுத்தீங்களே." குரலில் சிரிப்பு இல்லை. "அதுல சோமனூர்னு எழுதியிருக்கறீங்க. எங்கப்பா முந்தி அங்கதான் வீடியோ லைப்ரரி வெச்சிருந்தாரு. அப்புறம் கேபிள். அழகிரிசாமின்னு பேரு. நான் சின்னப் பையனா இருக்கையில நாங்க உடுமலைக்குப் போயிட்டோம்."

பிந்து போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கேபிள் அழகிரிசாமி. அந்தப் பேர் தெரியாத வீடு சோமனூரில் உண்டா?

"அவருகிட்டக் கேட்டேனுங்க. ஈரச் சலங்கைல கடைசில மழை வருமான்னு ஒரு பொண்ணு சண்டை போட்டுச்சுன்னு. படப் பேரை ரெண்டு தடவை கேட்டாரு. அப்புறம், யாரு ஊட்டுப் பொண்ணுன்னாரு. எனக்குத் தெரியலைன்னேன்."

"திருமலைசாமி பொண்ணுன்னு சொல்லுங்க. தறிக்காரத் திருமலைசாமி."

பத்து நிமிடத்தில் மறுபடி அழைத்தான்.

"கேசட்டு அவருகிட்ட இருக்குதாமுங்க. ஆனா போன்ல ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. அந்தப் பொண்ணைக் கையோட கூட்டிட்டு வாங்கறாரு. நாளைக்குக் காலைல... வர முடியுங்களா?"

*

உடுமலைப்பேட்டைப் பேருந்து உக்கடத்தில் கிளம்பும்போதே மழை கூட வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் கண்ணாடியை உலுக்கியது. மூன்று பேர் சீட்டில் அவள் ஜன்னலோரம், அவன் இந்த ஓரம். நடுவில் அவள் கைப்பை, எல்லைக்கல் மாதிரி.

"ஒத்தை நட்சத்திரத்துக்குப் பழிவாங்கக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"பழிவாங்கறவன் தேங்கா பன்னு வாங்கித் தருவானுங்களா?" பொட்டலத்தை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். பசிக்கும்போது ரோஷம் பார்ப்பது அவள் வழக்கம் இல்லை.

"அன்னைக்குச் சிரிச்சிருக்கக் கூடாதுங்க," என்றான்.

"ஆமா. கூடாது."

"நீங்க, 'பரவால்லைங்க'ன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"பரவா இருக்குது. அப்புறம் எதுக்குப் பரவால்லைன்னு சொல்லோணும்?"

அவன் சிரித்தான். இந்தச் சிரிப்பு வேறு. அதில் பாய் இல்லை, கிழவர் இல்லை. அவன் மட்டும் இருந்தான். கன்னத்தில் சின்னதாக ஒரு குழி விழுந்து... பிந்து வேகவேகமாக வெளியே பார்த்தாள்.

"எனக்கு வெட்டறதே ஆகாதுங்க," என்றான் அவன். "ஒருத்தர் கல்யாணக் கேசட்டுல முக்காவாசி பந்திதான். அதைக் குறைச்சுக் குடுங்கன்னாங்க. முடியாதுன்னுட்டேன்."

"ஏன்? எலையில ரசம் ஊத்தறதை எத்தனை நேரம் பார்ப்பாங்க?"

"பந்தில உக்காந்திருக்கறவங்க பாதிப் பேரு இப்ப இல்லீங்க. சாப்பிட்டுக்கிட்டே கேமராவைப் பார்த்து, கையி எச்சிலா இருக்குதேன்னு வெக்கப்பட்டுத் தலையைக் குனிவாங்க பாருங்க... அதை எப்படிங்க வெட்டறது?"

பிந்து ஜன்னல் பக்கம் திரும்பினாள். கண்ணாடியைக் கொஞ்சம் தள்ளினாள். சாரல் முகத்தில் அடித்தது. அது நல்லதாகப் போயிற்று. கண் எதனால் நனைந்தது என்று யாரும் கேட்க முடியாது.

இவன் என்ன... இப்படிப் பேசுகிறான். திருடன் என்றால் திருடனாக இருந்து தொலைக்க வேண்டியதுதானே?

பொள்ளாச்சி தாண்டும்போது கைப்பை அவள் மடிக்கு வந்திருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

*

அழகிரிசாமியின் வீடு தென்னந்தோப்புக்குள் இருந்தது. அவர் பிந்துவை வாசலிலேயே நிறுத்தி முகத்தைப் பார்த்தார்.

"அப்படியே உங்கப்பன் மூக்கு," என்றார். "கோவமும் அங்க இருந்து வந்ததாட்ட இருக்குது. வா அம்மணி, உள்ள வா."

பீரோவிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். பனியன் துணியில் சுற்றிய பழைய கேசட். மேலே ஒட்டிய காகிதத்தில் 'ஈ. சலங்கை – திருமலை காப்பி' என்று பேனாவில் எழுதியிருந்தது.

"நீ அப்ப உங்கம்மா வயித்துல. ஏழு மாசம். மாசமா இருக்கறவ ஆசைப்பட்டதைக் குடுக்காம உடக்கூடாதில்ல? உங்கப்பன் போயி, என்ன வேணும்னு கேட்டிருக்கறான். உங்கம்மா புளியங்காயி, மாங்கான்னு கேக்காம, ஈரச் சலங்கை பார்க்கோணும்னுச்சாம். ஊட்டுல பெரியவங்க ஒரே சத்தம். அது அழுகாச்சிப் படம், மாசமா இருக்கறவளை அழ உட்டா புள்ளைக்கு ஆகாதுன்னு. கேட்டதைக் குடுக்காமயும் இருக்கக்கூடாது, அழ உடவும் கூடாது. உங்கப்பன் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான்."

ரோஹன் சுவரில் சாய்ந்து நின்றான். இந்தக் கதை அவனுக்கும் புதிது.

"மழை. இதே மாதிரி மழை. தறியை நிறுத்திப்போட்டுக் கடைக்கு ஓடியாந்தான். தலையெல்லாம் பஞ்சு, அதுமேல தண்ணி. ரொம்ப நேரம் நின்னான். அப்புறம் கேட்டான்..." அழகிரிசாமி கேசட்டைத் தடவினார். "'ஏனுங்க அழகிரி, அந்த ரயிலை நிறுத்த முடியுங்களா?'ன்னு."

பிந்து கேசட்டின் மேலிருந்த எழுத்தை இன்னொரு தடவை படித்தாள்.

"ரெண்டு வீடியோ டெக்கைச் சேர்த்து வெச்சு, நடுவுல இருந்த மழைப் பாட்டைத் தூக்கிக் கடைசில ஒட்டினேன். சேலை வேறயா இருக்குதேன்னேன். 'மழையில யாருங்க சேலையைப் பார்க்கப் போறாங்க'ன்னான். உங்கம்மாகிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான். அப்புறம் பாரு, ஊரே அந்தக் காப்பிதான் கேட்டுச்சு. ஒரிஜினலைச் சீண்ட ஆளில்லை. கேபிள்லயும் அதையேதான் போட்டேன்."

கிளம்பும்போது கேசட்டைப் பையனிடம் கொடுத்தார். "பூஞ்சை புடிச்சிருக்கும். பார்த்துத் துடைச்சு ஏத்து." பிறகு, அவன் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். "வெட்டறது எல்லாமே கெடுதலுக்கு இல்ல கண்ணு."

*

திரும்பும் பேருந்தில் பிந்து கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஒரு முழம் பூ வாங்காத மனிதர். பெயர் சொல்லிக் கூப்பிடாத மனிதர். மழையில் ஓடிப்போய், ரயிலை நிறுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறார். இத்தனை வருடமாக அவரைத் தான் மனதுக்குள் திட்டித் தீர்த்தது... அதை இப்போது யாரிடம் போய்த் திரும்ப வாங்குவது?

அவள் படும் பாடு ரோஹனுக்குத் தெரிந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். ஆண்கள் அப்படி நினைக்கும்போதுதான் பெரும்பாலும் கெடுகிறது.

"பாவமுங்க உங்கப்பா. சொல்லத் தெரியாம..."

"யாரு பாவம்?"

அவன் திடுக்கிட்டான்.

"அன்னைக்குக் கிறுக்கன். இன்னைக்குப் பாவமா? நாலு பேரு முன்னால கிறுக்கன்னு சொன்னீங்கல்ல. அந்தக் கிறுக்கன் பேரு திருமலைசாமி. என்ற அப்பா. அவருமேல பாவப்பட நீங்க யாருங்க?"

"நான் அப்படி நெனச்சு..."

"என்மேலயும் பாவப்பட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா? தறிக்காரி பொண்ணு, அழுதுருவான்னு?"

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. இவன் முன்னால் விழக்கூடாது. எவன் முன்னாலும் விழக்கூடாது. கிணத்துக்கடவு நிறுத்தத்தில் வண்டி நின்றதும் விருட்டென்று எழுந்து இறங்கிவிட்டாள். மழை. விசில் ஊதியது. பேருந்து நகர்ந்தது.

போய்விட்டது.

அப்போதுதான் உறைத்தது. கேசட் அவன் பையில். இறங்கியவள் தான்தான்... ஆனாலும் பிளாட்பாரத்தில் நின்றவளைப் போல நெஞ்சு காலியாக இருந்தது. போனை எடுத்தாள். அவன் பெயரில் விரல் வைத்தாள். என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்க அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. போனை உள்ளே போட்டுவிட்டு, அடுத்து வந்த வண்டியில் ஏறிக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை சோமனூரில் தறி நிற்கும். வாரம் முழுக்கக் கத்திக் கத்தியே பேசுகிற ஊர், அன்று ஒருநாள் மெதுவாகப் பேசிப் பார்க்கும்.

வீடு நிறையப் பெண்கள். பாவாத்தாள் முறுக்கு கொண்டு வந்திருந்தாள். பழனியாத்தாள் டிவியைத் தொட்டுப் பார்த்து, "ஏ லட்சுமி, இதுல நம்ம மொகமே தெரியுதே," என்றாள். அம்மா புதுச்சேலை கட்டியிருந்தாள். கண்ணில் சின்னப் பெண் மாதிரி ஒரு மினுக்கம்.

பிந்து டிவிக்குப் பின்னால் உட்கார்ந்து ஒயரை நோண்டிக்கொண்டிருந்தாள். பிளேயர் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாம். இன்றைக்குத் தப்பிக்கலாம். அடுத்த வாரம்?

"ஏனுங்க... பிந்துங்க வீடுங்களா?"

வாசலில் ரோஹன். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. கண் சிவந்திருந்தது, தூங்கியே இருக்க மாட்டான். நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பனியன் துணிப் பொட்டலம்.

பெண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"யாரு கண்ணு?" என்றாள் அம்மா.

"கேபிள் அழகிரிசாமி மகனுங்க."

"அடேயப்பா, ட்ரவுசரு போட்டுட்டுத் திரிஞ்ச பயலா நீ?" என்றாள் பாவாத்தாள். "பொண்ணு பார்க்க வாறதா இருந்தா இப்படியா நனைஞ்சுட்டு வருவாங்க?"

வீடே சிரித்தது. பிந்துவுக்குக் காது சுட்டது. எழுந்து வந்து அவன் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கினாள். உள்ளே கேசட்டும், அதிலிருந்து ஏற்றிய டிஸ்க்கும். கிசுகிசுத்தாள்.

"நேத்து அத்தனை பேசினேன். எதுக்கு வந்தீங்க?"

"பாவப்பட்டு இல்லீங்க."

அதற்குமேல் அவன் சொல்லவில்லை. அம்மா பக்கத்தில் வந்துவிட்டாள். கேசட்டின் மேலிருந்த எழுத்தைப் பார்த்தாள். திருமலை காப்பி. மெல்ல அதை வாங்கிக்கொண்டாள்.

"இது இன்னும் இருக்குதா..."

"அம்மா," என்றாள் பிந்து. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வரவில்லை. "ரெண்டு டிஸ்க் இருக்குது. ரெண்டுலயும் கடைசி வேற வேற. நீ பார்த்தது..."

"தெரியும் கண்ணு."

"என்ன தெரியும்?"

"புதுசுல ரயிலு போயிரும். இதுல மழை வரும்." அம்மா சிரித்தாள். "படம் வந்தப்பவே பாவாத்தாளும் நானும் ஷிப்ட்டுக்குப் போறோம்னு சொல்லிப்போட்டு, கருமத்தம்பட்டி சினிமாக் கொட்டாயில பார்த்துட்டோம். ஊட்டுக்குத் தெரியாம. உங்கப்பாவுக்கும் தெரியாது."

"அழுத அழுகைல எனக்குச் சளியே புடிச்சுக்கிச்சு," என்றாள் பாவாத்தாள்.

பிந்து அப்படியே நின்றாள். "அப்புறம் எதுக்கு மாசமா இருக்கையில அந்தப் படத்தைக் கேட்டே?"

அம்மா கேசட்டில் ஒட்டியிருந்த காகிதத்தின் ஓரத்தை நீவிவிட்டாள்.

"அந்த ஊட்டுல அழறதுக்குக் கூட எடமில்ல கண்ணு. எதுக்கு அழறேன்னு ஆளாளுக்குக் கேப்பாங்க. படத்தைப் பார்த்தா, படத்துக்காக அழறேன்னு சொல்லிக்கலாமில்ல? ஒரு பாட்டம் அழோணும்னுதான் கேட்டேன். அந்த மனுசன் போயி ரயிலை நிறுத்திப்போட்டு வந்து உக்காந்திருக்கறாரு. பச்சைச் சேலைக்காரி மஞ்சச் சேலைல ஓடியாறா. இவரு படத்தைப் பார்க்கல. என்ற மொகத்தையே பார்த்துட்டு இருக்கறாரு, நான் சிரிக்கறனான்னு." அம்மாவின் குரல் இறங்கியது. "சிரிச்சேன். கடைசி வரைக்கும் அவருகிட்ட நான் சொல்லவே இல்ல. அவரும் சொல்லல."

பழனியாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

பிந்துவுக்குள் எத்தனையோ வருடமாக இறுகியிருந்த ஒன்று அவிழ்ந்தது. தறியில் நூல் அறுந்தால் மொத்த ஓட்டமும் நிற்கும். நின்றால்தான் முடிச்சுப் போட முடியும். அம்மா, படத்தில் வருகிறவள் மாதிரி இறங்காமலே வண்டியில் போனவள் இல்லை. அம்மாவுக்காக ஒருத்தர் வண்டியையே நிறுத்தியிருக்கிறார். அது போதும். அப்பா... அது போதும் அப்பா.

"எதைம்மா போடட்டும்?"

"புதுசைப் போடு," என்றாள் அம்மா. "ரயிலு போகட்டும். அன்னைக்கு அழாம உட்ட அழுகை அப்படியே நிக்குது. இன்னைக்கு அழுதுக்கறேன். அப்புறம் உங்கப்பாவோடதைப் போடு."

*

உள்ளே படம் முடியும் நேரம். ரயில் ஊதுவது வெளியே கேட்டது. பிறகு, வீடு நிறையப் பெண்கள் மூக்கை உறிஞ்சும் சத்தம். நடுவில் அம்மாவின் அழுகை தனியாக, தாராளமாக, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத அழுகையாக...

பிந்து தறிக் கொட்டகைக்கு வந்தாள். நின்ற தறிகளுக்கு நடுவே ரோஹன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். தகரக் கூரையில் மழை ஓய்ந்து, ஓரத்தில் மட்டும் சொட்டு... சொட்டு...

"நேத்து," என்றான் அவன், அவளைப் பார்க்காமல், "நானும் எறங்கினேனுங்க. விசிலடிச்சு வண்டியை நிறுத்தறதுக்குள்ள கொஞ்ச தூரம் வந்திருச்சு. ஓடியாந்தேன். நீங்க போயிட்டீங்க."

பிந்து அவனைப் பார்த்தாள். மழையில், கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கிணத்துக்கடவு ரோட்டில் ஓடி வருகிற ஒருத்தன்...

"கேசட்டு நனைஞ்சிருந்தா?"

"சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டேனுங்க."

"கிறுக்கனாங்க நீங்க?"

"ஆமாங்க." அவன் நிமிர்ந்தான். கன்னத்துக் குழி மெல்ல விழுந்தது. "அன்னைக்கு உங்கப்பாவைச் சொன்னது தப்புங்க. கிறுக்கு எப்படிப் புடிக்கும்னு எனக்கு அப்பத் தெரியாது. நீங்க கடை வாசல்ல வந்து மழை எங்கேன்னு கேட்டீங்க பாருங்க... அப்ப இருந்து..."

அவன் இழுத்தான். தொண்டையைச் செருமினான். அழகிரிசாமி மகனுக்கு நாலு பிரதியின் வித்தியாசமும் தெரியும், ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாது.

பிந்து நினைத்துப் பார்த்தாள். சொல்லாமலே சிரித்து வைத்த அம்மா. சொல்லாமலே செத்துப்போன அப்பா. அவ்வளவு அன்பும் ஒரு கேசட்டுக்குள் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. தன்னால் முடியாது. அத்தனை பொறுமை தனக்கு வராது.

"இங்க பாருங்க. எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. நேத்து அப்படிப் பேசினது தப்பு. எனக்கு உங்களைப் புடிச்சிருக்குது. பந்தியை வெட்ட மாட்டேன்னு சொன்னீங்களே, அப்பவே புடிச்சுப்போச்சு. அதுக்குத்தான் அவ்வளவு கோவம்."

துண்டு அவன் கையிலிருந்து நழுவித் தறிமேல் விழுந்தது.

"நானும் அதைத்தானுங்க சொல்ல வந்தேன்."

"சொல்லுங்க. நான் நின்னுட்டுத்தான் இருக்கறேன்."

சொன்னான். தறி ஓடாத ஊரில், மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிந்து முதன்முறையாகக் குறுக்கே பேசாமல் ஒருவன் சொல்வதை முழுதாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் தலை தானாகக் குனிந்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கொஞ்சம் கோபமும் வந்தது.

"அப்ப... அந்த நட்சத்திரமுங்க?"

"பார்க்கலாம். நடந்துக்கறதைப் பொறுத்துத்தான்."

உள்ளே டிஸ்க் மாறியிருந்தது. பெண்கள் பொறுமையில்லாமல் கடைசிக்கே ஓட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. ரயில் ஊதியது. சட்டென்று நின்றது. பழைய கேசட்டின் இரைச்சலும் கோடுகளுமாக, சலங்கை ஒலித்தது.

"பிந்து," அம்மாவின் குரல், அழுது தெளிந்த குரல். "மழை வந்திருச்சு பாரு. அங்க என்ன பண்றே? ரெண்டு பேரும் உள்ள வாங்க."